இரண்டு கொடியும் இருக்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

நீ கேட்டதற்குப் போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். என் பேரன், நம்ம தம்பியின் பிறந்தநாளுக்கு மேசையிலும் கேக்கிலும் வைக்கச் சொல்லி அங்கே டென்மார்க்கில் உங்கள் பக்கத்து வீட்டார் தங்கள் நாட்டுக் கொடி கொடுத்திருக்கிறார்கள். நம்ம தரங்கம்பாடியை ஆண்டவர்களின் கொடியை நம்ம பிள்ளையின் கேக்கில் குத்துவதா என்று மாப்பிள்ளை தயங்குகிறார். நியாயமான தயக்கம்தான். ஆனாலும் குத்தி வை என்றுதான் நான் சொல்வேன்.

1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தார், அவர்கள் கோட்டை கட்டினார்கள். நடுவில் சில வருஷம் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்ததைக் கழித்துவிட்டால், 1845 வரைக்கும் அந்தக் கொடிதான் இங்கே பறந்தது. அப்புறம் வங்காளத்துச் செராம்பூரையும் நம்ம ஊரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இங்கே குடியிருந்த ஒருவரையும் கேட்கவில்லை. இதெல்லாம் தம்பிக்குத் தெரியத்தான் வேண்டும், மறைக்காதே.

ஆனால் இன்னொன்றும் உண்டு. டென்மார்க்கில் சாதாரண ஜனங்கள் தங்கள் வீட்டில் அந்தக் கொடியை ஏற்றிக்கொள்ள அனுமதி வந்ததே 1854-ல்தான். நம்ம கடற்கரையில் அது இறங்கி ஒன்பது வருஷம் கழித்து! இங்கே பறந்தது ராஜாவுடைய கொடி, வியாபாரக் கம்பெனியின் கொடி. உன் பக்கத்து வீட்டார் கொண்டுவந்தது, ஜனங்கள் வாங்கித் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட கொடி. பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் கட்டுகிறார்கள் என்றால், அதில் அதிகாரம் ஒன்றும் இல்லை, பிரியம்தான் இருக்கிறது. 1219-ல் எஸ்தோனியாவில் நடந்த ஒரு போரில் அது வானத்திலிருந்து விழுந்தது என்று அவர்கள் கதை சொல்வார்கள். தம்பி ரசிப்பான், சொல்லு.

நம்ம கொடி வானத்திலிருந்து விழவில்லை. மனிதர்கள் கூடிப் பேசி, மாற்றி, மறுபடி பேசிச் செய்தது. எனக்கு அதில்தான் பெருமை. 1921-ல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) பிங்கலி வெங்கய்யா காந்தியிடம் கொண்டுவந்தது சிவப்பும் பச்சையும். வெள்ளையும் ராட்டையும் அப்புறம் சேர்ந்தவை. எந்த நிறம் எந்த மதத்துக்கு என்று சண்டை வந்ததால், 1931-ல் காவி, வெள்ளை, பச்சை என்று வரிசையை மாற்றி, நிறங்கள் மதங்களைக் குறிப்பவை அல்ல என்று தெளிவாகவே சொன்னார்கள். இப்போதும் பலர் பழைய மாதிரியே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். தம்பிக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்காதே. 1932 ஜனவரியில் திருப்பூரில் தடியடி பட்டு விழுந்தபோதும் குமரன் கையிலிருந்த கொடியை விடவில்லை. அவருக்கு இருபத்தேழு வயதுதான்.

ராட்டை போய்ச் சக்கரம் வந்தது 1947 ஜூலை 22-ல். அரசியல் நிர்ணய சபையில் நேரு சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராட்டைக்கு ஒரு பக்கம் சக்கரம், ஒரு பக்கம் நூல் சுற்றுகிற கதிர். கொடியைப் பின்பக்கமிருந்து பார்த்தால் இடம் வலம் மாறிவிடும். அசோகச் சக்கரம் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றுபோல இருக்கும். அன்றைக்கு அதே சபையில் பச்சைக்கு ராதாகிருஷ்ணன் சொன்ன பொருள், மண்ணோடும் பயிரோடும் நமக்கு உள்ள உறவு. மற்ற எல்லா உயிரும் அதை நம்பித்தான் இருக்கிறது என்றார். கடைமடையில் தண்ணீர் வருமா வருமா என்று வாய்க்காலைப் பார்த்து நிற்கிற எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்போதும் நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம், காரைக்காலில், பிரெஞ்சுக் கொடிதான். அது போய் நம்ம கொடி ஏறியது 1954 நவம்பர் 1-ல்தான். முதலமைச்சர்கள் சுதந்திர தினத்தில் கோட்டையில் ஏற்றுகிற உரிமையை 1974-ல் வாங்கித் தந்தவரும் நம்ம பக்கத்துத் திருக்குவளைக்காரர், கலைஞர். வீட்டில் ஏற்றுவது குடிமகனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2004-ல். ஆக, நமக்கும் கொடி வீட்டு வாசலுக்கு வர நாளாகியிருக்கிறது.

தம்பி பள்ளியில் சொந்த நாட்டுக் கொடி கேட்டார்கள் என்றாயே, மாயவரம் கதர்க் கடையில் வாங்கி அனுப்பியிருக்கிறேன். 150-க்கு 100 மில்லிமீட்டர், மேசையில் வைக்கிற அளவு. பாலியஸ்டரும் செல்லும் என்று 2021-லேயே விதியை மாற்றிவிட்டார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. கையால் நூற்ற நூல் என்பதுதான் அந்தக் கொடியின் பாதிக் கதை. விரலால் தடவிப் பார், இழை ஒரு இடத்தில் தடித்தும் ஒரு இடத்தில் மெலிந்தும் ஓடும்.

கூடவே பெரியது ஒன்றும் இருக்கிறது, ஆகஸ்ட் பதினைந்துக்கு. நம்ம பள்ளிக்கூடத்தில் நான் கட்டுகிற மாதிரியே கட்டு. காவி மேலே இருக்கிறதா என்று இரண்டு தடவை பார். மடித்து உள்ளே செவ்வந்தி இதழ் வை, அங்கே கிடைக்கிற பூ எதுவானாலும் சரி. நுனிக் கயிற்றை மூன்று சுற்றுக்கு மேல் சுற்றாதே. இறுக்கிவிட்டால் இழுக்கும்போது அவிழாது, அத்தனை பேர் அண்ணாந்து நிற்பார்கள். சுருக்கு முடிச்சு போதும். கழற்றிய பிறகு காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகும்படி மடித்து, சக்கரம் மேலே தெரிகிற மாதிரி வை.

பார்சல் வந்ததும் போன் பண்ணு. குறுவை நடவு முடிந்துவிட்டது. அம்மா தம்பிக்குச் சீடை வைத்திருக்கிறாள், நமுத்துப்போவதற்குள் பிரித்துவிடு.

அன்புடன்,
அப்பா