கொள்ளுத்தாத்தாவின் தமக்கையைக் கண்டெடுத்துத் தந்தவர்களுக்கு

எங்கள் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடும் வேலையில் கைகொடுத்த எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். நேரில் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டேன். ஆனாலும் இது ஊரறியச் சொல்ல வேண்டிய நன்றி. பெயரைப் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைக் கொண்டே அவர்களைக் குறிப்பிடுகிறேன்.

நன்னிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோயிலுக்கு நாகசுரம் வாசித்து வந்த குடும்பம் எங்களுடையது. பெரியவர்கள் சொல்லி வந்த வம்சாவளியில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் அதிலும் இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்தன. எந்தத் தலைமுறை எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முதல் நன்றி, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்து ஊழியர்களுக்கு. கோயில் ஊழியத்துக்கு மானிய நிலம் இருந்தது என்று நான் சொன்னதுமே, இனாம் எனப்பட்ட அந்த மானிய நிலங்களின் பதிவேட்டைப் பாருங்கள் என்று வழி காட்டியவர் அங்கிருந்த ஒருவர். சென்னை மாகாணத்தில் 1858-இல் இனாம் கமிஷன் அமைந்தபின், மானியம் வைத்திருந்தவர்களின் பாத்தியதையை ஊர் ஊராக விசாரித்து எழுதினார்கள். அனுபவிப்பவரின் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதெல்லாம் அதில் உண்டு. வயது தெரிந்ததால் பிறந்த காலம் ஏறக்குறையத் தெரிந்தது. இரட்டைப் பெயர்ச் சிக்கல் அங்கேயே பாதி தீர்ந்தது.

அடுத்து சார்பதிவாளர் அலுவலகத்தின் பதிவறையில் இருந்த அம்மையாருக்கு. தஞ்சாவூர் ஜில்லாவாக இருந்த எங்கள் பகுதி 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 1997-இல் திருவாரூர் மாவட்டமாயிற்று. பழைய பத்திரத்திலுள்ள ஜில்லாவை நம்பி அலைய வேண்டாம், கிராமம் அன்று எந்தப் பதிவு அலுவலகத்தின் எல்லைக்குள் இருந்தது என்று பாருங்கள் என்றார். சொத்து அட்டவணையில் எங்கள் நிலத்தைத் தேடியபோது, 1903-ஆம் ஆண்டுக் கிரயம் ஒன்றில் வாங்கியவர் இடத்தில் ஒரு பெண் பெயர் வந்தது. கொள்ளுத்தாத்தா சம்பாதித்த நிலம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். வாங்கியவர் அவருடைய தமக்கை. இளம் வயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பியவர். நிலம் அவருடைய சுயார்ஜிதம், அதாவது அவரே சம்பாதித்தது என்று பத்திரம் தெளிவாகச் சொல்கிறது.

அவர் உயில் எழுதியிருக்கக்கூடும் என்று சொன்னவரும் அந்த அம்மையார்தான். பதிவு அலுவலகத்தில் உயில்களுக்கு மூன்றாம் புத்தகம் என்று தனிப் பதிவேடு. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல் கிடைக்கும். இறந்தபின் யார் விண்ணப்பித்தாலும் தருவார்கள். நூறு ஆண்டுக்கு முன் மறைந்தவருக்கு இறப்புச் சான்றுக்கு எங்கே போவது? 1923-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "காலஞ்சென்ற" என்று அவரைக் குறித்திருப்பதை எடுத்துக்காட்டி, அதை விண்ணப்பத்தோடு சேர்க்கச் சொன்னார். நகல் கிடைத்தது. உயில் எழுதிய ஆண்டு 1911.

அதைப் படித்துக் கொடுத்த ஆவண எழுத்தர் ஐயாவுக்கு என்ன சொன்னாலும் தகாது. ஓய்வு பெற்று, கண்ணில் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர். அந்தப் பழைய கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும், மேற்படிக்கு ௸, வருஷத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹. நான் ஒரு வரியில் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் விரலைத் தாளில் படாமல் மேலேயே நகர்த்தி, "புத்திர பௌத்திர பாரம்பரையாய்" என்று தேவாரம் பாடுவதுபோல வாசித்துப் போனார். நாலெல்லை வந்ததும் நிறுத்தி, வடக்கே சொல்லியிருக்கும் வாய்க்கால் இன்றும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது.

தமக்கையார் உயிலில் எழுதிவைத்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆறு மா நன்செய், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். அதன் விளைச்சலிலிருந்து வீட்டுக்கு வாசிப்புப் பழக வரும் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும். ஒரு ஜோடி கொப்பு என்னும் காதணியும் வெண்கலப் பானையும் தம்பி மகளுக்கு. பினாங்குக்குப் போன இளைய தம்பி திரும்பி வந்தால் தங்குவதற்கு வீட்டில் ஓர் அறை. எங்கள் தாத்தா காலத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் வீட்டோடு தங்கிச் சாப்பிட்டது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்தச் சோறு யார் நிலத்து நெல் என்பதைத்தான் மறந்துவிட்டோம். எனக்கு இது பெரிய ஆற்றாமை.

அவர் மறைந்ததற்கு வீட்டுத் திதிக் குறிப்பில் "பிங்கள வருஷம் ஆடி" என்று மட்டும் இருந்தது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1857-ஆகவும் இருக்கலாம், 1917-ஆகவும் இருக்கலாம். உயிலையும் பாகப்பிரிவினையையும் பக்கத்தில் வைத்து, 1917-தான் அவர் மறைந்த ஆண்டு என்று உறுதி செய்து தந்த தமிழாசிரியர் நண்பருக்கு நன்றி. அந்தக் குறிப்பேட்டைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த அத்தைக்கும், பத்திர நகல்களுக்கு மறு பேச்சில்லாமல் பணம் அனுப்பிய சித்தப்பா பிள்ளைகளுக்கும் நன்றி. பினாங்குத் தம்பியின் வழியில் வந்தவர்களோடு இப்போது கடிதப் போக்குவரத்து இருக்கிறது; அவர்கள் அனுப்பிய பழைய புகைப்படங்களுக்கும் என் வணக்கம்.

திருத்திய வம்சாவளியில் தமக்கையார் பெயர் கொள்ளுத்தாத்தாவுக்கு முன்னால், பிறந்த வரிசைப்படி எழுதப்பட்டிருக்கிறது. அதன் பிரதியையும் உயிலின் நகலையும் பங்காளிகள், சம்பந்திகள், பெண் வழியில் வந்தவர்கள் எல்லோருக்கும் தபாலில் சேர்த்திருக்கிறேன். கிடைக்காதவர்கள் அத்தையிடம் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

நன்றியுடன்,
அந்தக் குடும்பத்துப் பெண்