மாப்ள, ஒரு நாளைக்கு ஒரு ஊரு போதும்

டேய் மாப்ள,

எப்டி இருக்க? உங்க ஸ்கூல் டூர் ப்ளான் எப்டி இருக்குன்னு கேட்டு நீ போட்ட மெசேஜ் பாத்தேன், ரெண்டு வரில பதில் சொல்ற விஷயமா இல்ல, அதான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டு முடிச்சிட்டு உக்காந்து டைப் பண்றேன், நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படி. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு நடக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு கேட்டதும்தான் நிம்மதியா இருந்துச்சு. பிசியோவ மட்டும் நிறுத்திடாத, வலிக்குதுன்னு அழத்தான் செய்வாங்க, நீ கறாரா இரு. இங்க எல்லாரும் நல்லாருக்கோம், பெரியவன் காலேஜ் மூணாவது வருஷம், வீட்டுக்கு வந்தா போனும் கையுமாத்தான் கெடக்கான், எனக்கு சுகர் பார்டர்ல நிக்குது, காபில சீனிய நிறுத்தியாச்சு, வாழ்க்கைல பாதி சந்தோஷம் போச்சு.

சரி, டூர் விஷயத்துக்கு வரேன். உங்க ஹெச்எம் போட்டுக் குடுத்த ப்ளான நாலு தடவ படிச்சேன்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு மேலூர்ல கெளம்பி காலைல ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை, அப்புறம் கல்லணை, மத்தியானம் தஞ்சாவூரு, சாயங்காலம் பூம்புகார், ராத்திரியோட ராத்திரியா ரிட்டர்ன். இது டூரா இல்ல ரிலே ரேஸாடா? பூம்புகாருக்கு தஞ்சாவூர்ல இருந்து கும்பகோணம், மயிலாடுதுறை எல்லாம் தாண்டிப் போகணும், போய் எறங்கும்போது இருட்டிடும், கடல் சத்தம் மட்டும்தான் கேக்கும். அதவிட கொடுமை, பெரிய கோயில்ல மத்தியானம் பன்னண்டரை வாக்குல நடை சாத்துனா திரும்ப நாலு மணிக்குத்தான், உங்க கணக்குப்படி நீங்க தஞ்சாவூர்ல எறங்குறதே ஒரு மணிக்கு. கொதிக்கிற கல்லுல செருப்பில்லாம நிக்க வைக்கவா புள்ளைங்கள அவ்ளோ தூரம் கூட்டிட்டு வர்ற?

நம்மள ஒம்பதாப்பு படிக்கும்போது கூட்டிட்டுப் போனாங்களே ஞாபகம் இருக்கா, எத்தன ஊருன்னு கேட்டா உனக்கே தெரியாது, எனக்கும் தெரியாது. நீ ஜன்னல் சீட்டுக்கு சண்ட போட்டதும் பின்னாடி சீட்டுல வாந்தி எடுத்தவன் மேல எல்லாரும் கத்துனதும்தான் மனசுல இருக்கு. எந்தக் கோயிலு, எந்த அணைக்கட்டு, ஒண்ணும் ஒட்டல. எறங்கு, வரிசைல நில்லு, போட்டோ எடு, ஏறு, அவ்ளோதான. ஸ்பாட் கூடுனா பேரன்ட்ஸ்கிட்ட "கொடுத்த காசுக்கு இத்தன எடம்"னு சொல்லிக்கலாம், அதுக்குத்தான் அந்த லிஸ்ட்டே தவிர புள்ளைங்களுக்காக இல்ல. ஹெச்எம்கிட்ட நீ பேச வேண்டியது இந்த ஒரு விஷயம்தான்டா, தஞ்சாவூரு மட்டும் போதும்னு சொல்லு. மத்ததெல்லாம் தானா சரியாகும்.

அதுக்கு ரூட்டு கூட நீ திருச்சி சுத்த வேண்டாம், மேலூர், திருப்பத்தூர், புதுக்கோட்டை, அப்டியே தஞ்சாவூர், மூணு மணி நேரம் சொச்சம்தான் ஆகும். அஞ்சு மணிக்கு கெளம்பி புதுக்கோட்டைல டிபன் முடிச்சா எட்டரை, ஒம்பதுக்குள்ள கோயில் வாசல். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி ஏறுனா எட்டு மணிக்கெல்லாம் புள்ளைங்க வீட்டுல. ராத்திரி ஓட்டம் வேண்டவே வேண்டாம், இதுல மட்டும் ஹெச்எம் எவ்ளோ சொன்னாலும் நீ எறங்கிப் போகாத. 2022 அக்டோபர்ல கேரளாவுல வடக்கஞ்சேரிகிட்ட ஊட்டிக்கு டூர் கெளம்புன ஸ்கூல் பஸ்ஸு ராத்திரில அரசு பஸ் பின்னாடி போய் மோதி 9 பேர் செத்தாங்க, அதுல 5 பேர் ஸ்கூல் புள்ளைங்க. அதுக்கப்புறம் அங்க ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் ஸ்கூல் டூர் ஓட்டக்கூடாதுங்கிறதுல ரொம்ப கெடுபுடி. நம்ம பக்கம் யாராவது சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டாம். வண்டி பேசும்போது பெர்மிட், இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) மூணையும் ஜெராக்ஸ் வாங்கு, டிரைவர் முந்துன நாள் ராத்திரி வேற ட்ரிப் போய்ட்டு வராரான்னு ஓனர்கிட்ட நேராவே கேளு, சங்கடப்படாத. சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ் பர்மிஷன், பெத்தவங்க ஒப்புதல் கடிதம் எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான், அத விட்டுடுறேன்.

கல்லணையையும் தூக்கிடு. எனக்கும் புடிச்ச எடம்தான், கரிகாலன் பேர கேட்டாலே சிலிர்க்கும், ஆனா தண்ணியப் பாத்த புள்ளைங்கள புடிச்சு வைக்க உன்னால முடியாது. 2023 பிப்ரவரில ஃபுட்பால் மேட்ச்சுக்காக வெளியூர் வந்த விராலிமலைப் பக்கத்து நடுநிலைப்பள்ளி பொண்ணுங்க நாலு பேரு மாயனூர் கதவணைகிட்ட காவேரில எறங்கி முழுகிப் போச்சுங்க. அவங்க வந்தது விளையாட, ஆத்துல எறங்கினது நடுவுல வந்த ஆசைல. வதோதரால 2024 ஜனவரில ஏரில போட் கவுந்து 12 புள்ளைங்களும் 2 டீச்சருங்களும் செத்தாங்க, ஏத்த வேண்டியதுக்கு மேல ஆள ஏத்திருந்தாங்க, எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் கூட இல்ல. அதனால ஆறு, குளம், போட்டு, அருவி எதுவும் வேண்டாம், "சும்மா பத்து நிமிஷம்" கூட வேண்டாம்.

இப்ப நல்ல விஷயம். பெரிய கோயில்ல மூணு மணி நேரம் என்னடா பண்றதுன்னு கேப்ப. நான் வருஷா வருஷம் அங்க புள்ளைங்கள கூட்டிட்டுப் போறேன், எனக்கே இன்னும் நேரம் பத்தல. முதல்ல கைடு வேண்டாம். 'விமானத்தோட (கருவறை மேல நிக்கிற கோபுரம்) நிழல் தரைல விழாது'ங்கிற கதைய அவரு ஆரம்பிச்சாருன்னா முடிஞ்சுது. அந்தக் கதைய நீ புள்ளைங்ககிட்டயே விட்டுடு, "விழுமா விழாதா, கண்டுபுடிங்க"ன்னு சொல்லு. தை மாசத்துல பத்தரை பதினொரு மணி வாக்குல வடக்குப் பக்க பிரகாரத்துல நிழல் அழகா படுத்துக் கெடக்கும். ஒரு மீட்டர் குச்சிய நட்டமா புடிச்சு அதோட நிழல அளக்கச் சொல்லு, அதே நேரத்துல விமானத்தோட நிழல் நுனில இருந்து விமானத்துச் சுவர் வரைக்கும் நிழல் சாஞ்சு போற திசையிலயே டேப் புடிச்சு அளந்து, அதோட அடிப்பாகத்து அகலத்துல பாதிய சேக்கச் சொல்லு, கலசம் நடுவுலதான நிக்குது, நிழல் கோணலா விழுறதால விடை தோராயமாத்தான் வரும். அப்புறம் விகிதக் கணக்கு. 216 அடின்னு நெறைய புத்தகத்துல போட்டிருக்கும், அத முன்னாடியே சொல்லிடாத. போன தடவ ஒரு குரூப்பு கிட்டத்தட்ட வந்துடுச்சு, இன்னொரு குரூப்பு பாதி அகலத்த சேக்க மறந்துட்டு ரொம்ப கம்மியா கொண்டு வந்து எங்கிட்டயே "புக்கு தப்பு சார்"னு அடிச்சு பேசுனானுங்க. அந்த சண்டை பஸ்ஸுல திரும்பி வர்ற வழி பூரா ஓடுச்சு, கணக்குப் பாடத்துக்காக பசங்க அடிச்சுக்கிட்டு நான் பாத்தது அதுதான்டா.

அப்புறம் கல்வெட்டு. விஷயம் இருக்குறதே அங்கதான். நான் குடுத்தது, அக்கா குடுத்தது, பெண்டுங்க குடுத்தது, மத்தவங்க குடுத்தது எல்லாத்தையும் கல்லுல வெட்டுங்கன்னு ராஜராஜன் சொன்னான் பாரு, அந்த அக்கா குந்தவை. புள்ளைங்களுக்கு ராஜா பேர விட இதுதான் புடிக்குது, சுவரு முழுக்க யாரு என்ன குடுத்தாங்கன்னு கணக்கு. 400 தளிச்சேரிப் பெண்டுங்க (கோயில்ல ஆடுறவங்க) பேரு, எந்தத் தெருவுல எந்தச் சிறகுல (வீட்டு வரிசைல) எத்தனாவது வீடு, எந்த ஊர்ல இருந்து வந்தாங்க, ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் (அந்தக் காலத்து அளவு) நெல்லுன்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எழுதி வச்சிருக்கான். கோயில் முடிஞ்சது 1010ல, அப்ப கதவு நம்பர் மாதிரி எழுதிருக்காங்கன்னு சொன்னா கண்ண விரிச்சுக் கேக்குதுங்க. கல்வெட்டுல ட, ப மாதிரி சில எழுத்து நம்ம எழுத்தோட ஒத்துப் போகும், ஆளுக்கு ஒரு வரிசைய குடுத்து தெரிஞ்ச எழுத்த நோட்டுல எழுதிட்டு வரச் சொல்லு, வெறும் கண்ணால, சுவர தொடக் கூடாது, சாக்பீஸ் கிட்டயே கொண்டு போகக் கூடாது. ரெண்டு எழுத்து கண்டுபுடிச்சாலும் அது பெரிய விஷயம்தான். முந்துன வாரம் கிளாஸ்ல ஒரு பீரியட் எழுத்துச் சார்ட்ட காட்டிட்டா போதும், அங்க நின்னு லெக்சர் அடிக்காத.

கால் சுட ஆரம்பிக்கிறதுக்குள்ள வெளிய வந்துடு. செருப்ப எல்லாம் ஒரே சாக்குல போட்டு கட்டி ஒரு ஆள பொறுப்பா விடு, இல்லன்னா அரைமணி நேரம் ஜோடி தேடுறதுலயே போயிடும். அதுக்கப்புறம் நான் பண்ற வேலை ஒண்ணு சொல்றேன், இத யாரும் செய்யுறதில்ல, அரை நாளைக்கு ஒரு சின்ன கல்யாண மண்டபத்த வாடகைக்கு எடுத்துடுவேன். தலைக்குப் பிரிச்சா பெரிய காசு இல்ல. ஃபேன் இருக்கும், தண்ணி இருக்கும், உக்காந்து கொண்டு வந்த புளிசாதமும் உருளக்கெழங்கும் சாப்டலாம் (தயிர்சாதம் வேண்டாம், மத்தியானத்துக்குள்ள புளிச்சுப் போயிடும்), முக்கியமா சுத்தமான பாத்ரூம் இருக்கும். இத சாதாரணமா எடுத்துக்காத. பொம்பளப் புள்ளைங்க டூர் அன்னிக்கு காலைல இருந்து தண்ணியே குடிக்காதுங்க, வழில எங்க போறதுன்னு பயம், கடைசில மயக்கம், தலவலின்னு கெடக்கும், நாம வெயிலுன்னு நெனப்போம். எங்க எங்க வண்டி நிக்கும், அங்க பாத்ரூம் எப்டின்னு முன்னாடியே கிளாஸ்ல சத்தமா சொல்லிடு, பெட்ரோல் பங்க் எதுன்னு கூட பாத்து வச்சுக்க. லேடி டீச்சர் ரெண்டு பேராவது வேணும், அவங்க பேக்ல பேட் பாக்கெட் இருக்கணும், அது யாரும் கேக்காமலே கிடைக்கணும். வாந்தி கவரும் மாத்திரையும் சொல்லவே வேண்டாம், வீசிங் இருக்குற புள்ள இன்ஹேலர எடுத்துட்டு வந்துச்சான்னு வண்டி கெளம்புறதுக்கு முன்னாடி நீயே கைல வாங்கிப் பாரு.

தலை எண்ணுறத விசில் ஊதி "எல்லாரும் வந்தாச்சா"ன்னு கேட்டு முடிக்காத. வந்தாச்சுன்னு வராதவனுக்கும் சேத்து ஒருத்தன் கத்துவான். எட்டு பேருக்கு ஒரு டீச்சர், ரெண்டு ரெண்டு பேரா ஜோடி, ஜோடி ஆள காணும்னா உடனே சொல்றது அவன் வேல. நீ ஏறி முகம் பாத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் டிரைவர் இன்ஜின ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு காலைலயே சொல்லிடு. வழி தப்புனா நந்தி மண்டபத்துகிட்ட வந்து நில்லு, அங்க இங்க தேடி அலையாதன்னு சொல்லி வை, நந்திய தெரியாத ஆள் இல்ல. கைல கட்ற டேக்ல ஸ்கூல் பேரும் உன் போன் நம்பரும் போதும், புள்ள பேர எழுதாத, பேர் சொல்லிக் கூப்டா யாருகூடவும் போயிடுங்க.

மத்தியானம் அரண்மனையும் சரஸ்வதி மகால் நூலகமும் பாக்கலாம், பனையோலைச் சுவடிய நெறைய புள்ளைங்க பாத்ததே இருக்காது, ஆனா எப்ப தொறப்பாங்க, எப்ப லீவுன்னு முந்துன நாள் போன் போட்டு கேட்டுக்க. கடைசில தலையாட்டி பொம்மை கடை. கைச்செலவுக்கு ஆளுக்கு நூறு ரூபாய்க்கு மேல கொண்டு வரக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடு, ஒருத்தன் ஐநூறு எடுத்து வீசுறத பக்கத்துல கைல பத்து ரூபாயோட ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது. பொம்மைய எப்டி சாச்சாலும் ஏன் எந்திரிச்சு நிக்குதுன்னு அங்கயே கேளு, அடில கனம்னு எவனாவது சொல்லிடுவான், புவியீர்ப்பு மையம் பாடம் முடிஞ்சுது.

காசு விஷயத்துல இன்னொண்ணு. "எனக்கு வர இஷ்டமில்ல சார்"னு சொல்ற புள்ளைங்கள்ல முக்காவாசி பேருக்கு இஷ்டமில்லாம இல்ல, வீட்டுல பணம் இல்ல. எல்லாருக்கும் ஒரே மாதிரி கவர குடுத்து ஒட்டிக் குடுக்கச் சொல்லு, உள்ள முடிஞ்சத வைக்கட்டும், காலியா வந்தாலும் வரட்டும், நீ மட்டும் தொறந்து பாரு. குறையிறத பழைய மாணவருங்ககிட்ட கேளு, டூருன்னா மனசார குடுப்பானுங்க. யாரு எவ்ளோ வச்சாங்கன்னு ஆபீஸ் நோட்டுல கூட எழுத வேண்டாம்.

திரும்பி வந்ததும் "நான் சென்ற கல்விச் சுற்றுலா"ன்னு கட்டுரை மட்டும் எழுதச் சொல்லிடாத, நாப்பது பேரும் ஒரே கட்டுரைய எழுதுவானுங்க, "மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்"னு முடிச்சுடுவானுங்க. அங்க பாத்ததுல ஒண்ணே ஒண்ண வரஞ்சு அதுகிட்ட ஒரு கேள்விய எழுதச் சொல்லு. எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு, அந்த 400 பேருக்கும் வருஷம் பூரா நெல்லு அளந்து குடுத்தவருக்கு எவ்ளோ சம்பளம்னு கேட்டுச்சு. எனக்கு பதில் தெரியல, இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்.

தேதிய சீக்கிரம் பிக்ஸ் பண்ணு. ஐப்பசி, கார்த்திகைல மழை, மார்கழில ஐயப்பன் கூட்டம், பிரதோஷத்தன்னிக்கு போனா நந்திய சுத்தி நிக்கவே எடம் இருக்காது, பொங்கல் முடிஞ்சு வர்ற வாரத்துல ஒரு புதன் வியாழனா பாரு. முடிவானதும் சொல்லு, மண்டபக்காரர் நம்பர் அனுப்புறேன், அன்னிக்கு நானும் ஒரு லீவ போட்டுட்டு திருச்சில இருந்து நேரா கோயிலுக்கு வந்துடுறேன், டேப்பும் குச்சியும் நான் எடுத்துட்டு வரேன். உங்க வீட்டு புளிசாதம் எனக்கும் சேத்து ஒரு டப்பா, அம்மாகிட்ட கேட்டதா சொல்லு.

இப்படிக்கு,
உன் மாப்ள