குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். எனக்குத் தரப்பட்ட நேரத்தைக் குடிநீர்க் கிணறுகளுக்கே ஒதுக்கிக்கொள்கிறேன்.

நம் ஆழ்துளைக் கிணறுகளில் ஆர்செனிக், ஈயம், காட்மியம், குரோமியம் ஆகிய கன உலோகங்கள் உள்ளனவா என்று சோதிக்கச் சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அன்று ஓர் உறுப்பினர் டம்ளரை உயர்த்திக் காட்டி, "பளிங்குபோல் இருக்கிறதே, இதில் என்ன இருந்துவிடப் போகிறது?" என்று கேட்டார். ஆர்செனிக்குக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஈயத்துக்கும் அதே அளவுதான், காட்மியத்துக்கு 3. பலர் வீட்டில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர், அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி, காட்டுவதோ மில்லிகிராம் கணக்கு; ஒரு மில்லிகிராம் ஆயிரம் மைக்ரோகிராம். ஆர்செனிக் வரம்பைப்போல் ஐந்து மடங்கு இருந்தாலும் அந்த மீட்டரில் எண் மாறாது. கிருமியற்ற நீர் என்று நம்பி வங்கதேசத்தில் ஏராளமான குழாய்க் கிணறுகளைத் தோண்டினார்கள். அவற்றின் நீரில் ஆர்செனிக் இருப்பது 1993இல்தான் தெரியவந்தது.

முதல் சுற்றுச் சோதனை வீணாயிற்று. பொறுப்பு என்னுடையது. தண்ணீர் விற்கும் பழைய பாட்டில்களைக் கழுவி நிரப்பினோம், உலோகங்கள் அடியில் படியாமல் கரைந்தே இருக்கச் சேர்க்க வேண்டிய அமிலத்தையும் சேர்க்கவில்லை. "எல்லாம் வரம்புக்குள்" என்று அறிக்கை வந்தது. மகிழ்ச்சியோடு படித்துக்கொண்டிருந்தபோது, சங்க அறையில் மிச்சமிருந்த ஒரு பாட்டிலைத் தற்செயலாகத் தூக்கிப் பார்த்தேன். அடியில் பழுப்பு நிற வண்டல் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. நீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப்பட்டுத் துருவாகி இறங்கியிருக்கிறது. ஆர்செனிக் அந்தத் துருவோடு ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீரை மட்டும் சோதித்தால் குறைவாகத்தான் காட்டும். ஆகவே நல்ல செய்தியாக வந்த அந்த அறிக்கையைச் செயற்குழு ஏற்கவில்லை. இந்த ஆண்டு நாம் எடுத்த சரியான முடிவு அதுவென்றே நினைக்கிறேன்.

இரண்டாம் சுற்றில் அமிலத்தில் அலசிய பிளாஸ்டிக் பாட்டில்களைச் சோதனைக்கூடத்திலிருந்தே பெற்றோம். குழாயில் தேங்கிய நீர் முழுவதும் வெளியேறி, வெப்பநிலை, அமிலத்தன்மை, மின்கடத்துதிறன் மூன்றும் நிலைபெறும்வரை மோட்டாரை ஓடவிட்டு, பிறகே நீர் பிடித்தோம். உடனே நைட்ரிக் அமிலம் சேர்த்து, அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். எண்ணை 2க்குக் கீழே கொண்டுவந்தோம். சோதனை முடிவை நம்பலாமா என்று பார்க்க, ஒரே கிணற்று நீரை வேறு எண்ணிட்ட இரண்டு பாட்டில்களில் அனுப்பினோம். தூய நீர் நிரப்பிய ஒன்றையும் இடையில் சேர்த்தோம். மழைக்கு முன்னும் பின்னும் இதையே செய்தோம்.

வடக்குக் கிணற்றில் இரு முறையும் ஆர்செனிக் வரம்பைத் தாண்டியது. அதைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்த வேண்டாம், துவைக்கலாம், குளிக்கலாம். காய்ச்சிக் குடிப்பது உதவாது: நீர் ஆவியாகும், உலோகம் அப்படியே தங்கும்.

ஈயத்தின் கதை வேறு. கிணறுகளில் அது இல்லை. ஆனால் சில வீடுகளில் இரவு முழுவதும் தேங்கி, காலையில் முதலில் பிடித்த நீரில் இருந்தது. சில நிமிடங்கள் திறந்துவிட்ட பின் குறைந்தது. ஆகவே பழுது பித்தளைக் குழாய்முனைகளிலும் பற்றவைத்த இணைப்புகளிலும் இருக்கிறது. அவற்றை மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. கைக்குழந்தை உள்ள வீடுகளை முதலில் முடிக்க வேண்டும். வளரும் மூளையைத்தான் ஈயம் அதிகம் தாக்கும்.

குரோமியத்தில் மொத்த அளவை மட்டுமே பார்த்தோம். அதன் வடிவங்களில் கூடுதல் நச்சுள்ள ஆறு இணைதிறன் வடிவத்தை (குரோமியம்-6) தனியே அளக்க இப்பொதுக்குழு அனுமதி தர வேண்டுகிறேன்.

வடக்குக் கிணற்றுக் குழாய்க்குச் சிவப்பு வண்ணம் பூசிவிட்டோம். ஆனாலும் நேற்று மாலைகூட அங்கே இரண்டு குடங்கள் வரிசையில் இருந்தன. அவ்வீட்டாருக்கு மாற்று நீர் எங்கிருந்து என்பதை இன்றே முடிவு செய்து தருமாறு கேட்டுக்கொண்டு, அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்