பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்த எம்பி4 கோப்புகள்: மறுவேலை கேட்டுப் புகார்

அனுப்புநர்:
வீடியோப் பொறுப்பாளர்,
மண்டகப்படிக் குழு,
மூன்றுமாவடி, மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சித்திரைத் திருவிழா வீடியோக்களை மாற்றிக் கொடுத்ததில் சேவைக் குறைபாடு.

ஐயா,

கள்ளழகர் எதிர்சேவை, வைகையில் இறங்குதல் என எங்களிடம் இருந்த பழைய பதிவுகளை எச்.264 கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை), எம்பி4 கண்டெய்னரில் (படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் டப்பா) மாற்றித் தரச் சொல்லி ஹார்டு டிஸ்க் கொடுத்தோம். எந்த வீட்டு டிவியிலும் பென்டிரைவைச் செருகினால் ஓட வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தோம். கைக்கு வந்தவற்றை, கோப்பின் உள்விவரத்தைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் போட்டுப் பார்த்தால், மாற்ற வேண்டியதை மாற்றாமலும், தொடக்கூடாததைத் தொட்டும் வைத்திருக்கிறீர்கள்.

மினிடிவி (MiniDV) கேமரா டேப்பிலிருந்து எடுத்த ஏவிஐ கோப்புகளில் உள்ளே இருப்பது அந்த டேப்புக்கான DV கோடெக். மணிக்குச் சுமார் 13 ஜிபி. அவை முழுமையாக மறு என்கோடிங் ஆகியிருக்க வேண்டும். நீங்கள் செய்தது ரீநேம். கோப்பின் பெயர் எம்பி4 என்று முடிகிறது, மீடியாஇன்ஃபோவோ ஏவிஐ என்றே காட்டுகிறது. அளவுகூட ஒரு பைட் மாறவில்லை. டப்பாவின் லேபிளை மாற்றினால் மிளகாய்த்தூள் மல்லித்தூள் ஆகிவிடாது. "விஎல்சியில் ஓடுகிறதே சார்" என்றார் உங்கள் ஊழியர். விஎல்சி என்ற பிளேயர் மென்பொருள் கோப்பின் பெயரை நம்பாமல் உள்ளே இருப்பதைப் பார்த்து ஓட்டும், DV கோடெக்கும் அதற்குத் தெரியும். வீட்டு டிவிகளில் அதைப் பிரித்துக் காட்டும் டிகோடர் கிடையாது. அதனால்தான் 'சப்போர்ட் இல்லை' என்று வருகிறது.

ஹேண்டிகேமில் எடுத்த எம்டிஎஸ் கோப்புகள் இதற்கு நேர் எதிர். அவற்றில் இருப்பதே எச்.264 தான், பிட்ரேட் 17 எம்பிபிஎஸ் (நொடிக்கு 17 மெகாபிட் டேட்டா). படத்தைத் தொடாமல் எம்பி4-க்குள் நகலெடுத்து, ஏசி-3 ஒலியை மட்டும் ஏஏசி ஆக்கியிருந்தால் போதும். ஒரு மணி நேரப் பதிவுக்குச் சில நிமிட வேலை. நீங்கள் 2 எம்பிபிஎஸ்-க்கு நசுக்கியிருக்கிறீர்கள். தோல் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சும் இடத்தை நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆயிரக்கணக்கான துளிகள் இடம் மாறுவதால் முந்தைய ஃபிரேமிலிருந்து கணித்து மிச்சப்படுத்த என்கோடருக்கு அங்கே வழியில்லை. பிட்ரேட் போதாமல் துளிகளும் முகங்களும் சதுரம் சதுரமாகிக் கிடக்கின்றன. போன விவரம் இனித் திரும்பாது. கோப்பு 4 ஜிபி தாண்டினால் பென்டிரைவில் ஏறாது என்பது உங்கள் விளக்கம். அது எஃப்ஏடி32 என்ற பென்டிரைவ் ஃபார்மட்டின் வரம்பு. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யலாம், பழைய டிவி என்றால் கீஃபிரேமில் (முந்தைய ஃபிரேமைச் சாராத முழுப் படத்தில்) வெட்டி இரண்டாக்கலாம். இரண்டுக்கும் மறு என்கோடிங் தேவையில்லை.

புது கேமராவின் 10 பிட் (நிறப் படிகளின் நுணுக்கம்), 4:2:2 (நிற விவரத்தின் அளவு) எச்.265 பதிவுகளை எச்.264 ஆக்கினீர்கள், ஆனால் 10 பிட் 4:2:2 அப்படியே இருக்கிறது. ஒலி வருகிறது, திரை கறுப்பு. டிவிக்கு 8 பிட், 4:2:0 வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி.

புகாருக்குப் பிறகு ஒரு மினிடிவி டேப்பை மட்டும் மறுபடி செய்து அனுப்பினீர்கள். அதிலும் ஃபீல்டு (ஒரு ஃபிரேமின் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகள்) வரிசை தலைகீழ். PAL வீடியோ முறை மினிடிவியில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். மேல் ஃபீல்டை முதலாக வைத்து டீஇன்டர்லேஸ் செய்ததால் (ஃபீல்டுகளை முழு ஃபிரேமாக்கியதால்) அழகரின் குதிரை ஓரடி முன்னே போய் அரையடி பின்னே வருகிறது. அகலமான பிக்சல் கொண்ட 720×576 படத்தைச் சதுர பிக்சலாக எடுத்துக்கொண்டதால் ஆட்களும் ஒடுங்கித் தெரிகிறார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை: மினிடிவி பதிவுகளைக் கீழ் ஃபீல்டு முதல் என்று வைத்து நொடிக்கு 50 ஃபிரேமாக டீஇன்டர்லேஸ் செய்யுங்கள். 25 ஆக்கினால் அசைவில் பாதி போய்விடும். பிறகு 768×576-க்கு மாற்றி, எச்.264, 8 பிட் 4:2:0, சிஆர்எஃப் (என்கோடரின் தர அளவு) 18, ஏஏசி 192 கேபிபிஎஸ் என்று வையுங்கள். எம்டிஎஸ் கோப்புகளில் படத்தை நகல் மட்டும் எடுங்கள். அவற்றுக்கு வாங்கிய என்கோடிங் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். கேமரா பதிவுகளை 8 பிட் 4:2:0 ஆக்குங்கள். ஒவ்வொரு கோப்புடனும் மீடியாஇன்ஃபோ அறிக்கை வர வேண்டும். வேலையை நாங்கள் சரிபார்த்து எழுதிக் கொடுக்கும்வரை உங்களிடம் உள்ள மூலப் பிரதியை அழிக்கக் கூடாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவோம். பில் நகல், இரு தரப்புக் கோப்புகளின் மீடியாஇன்ஃபோ அறிக்கைகள், தண்ணீர் பீய்ச்சும் காட்சியின் ஒரே ஃபிரேம் மூலத்திலும் உங்கள் கோப்பிலும் எப்படி இருக்கிறது என்பதற்கான படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
வீடியோப் பொறுப்பாளர்,
மண்டகப்படிக் குழு