பொத்தை மேல லேப்டாப்போட போனா உளவாளியா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். வள்ளியூர், பணகுடி பக்கம் பொத்தை (சின்ன மலை) மேல ஏறி அமெச்சூர் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்குக்காக ரேடியோவுல தூரத்து ஆளுகளத் தொடர்பு கொள்ளுற வேல செய்ற எங்களப் (எங்களுக்கு 'ஹாம்'னு பேரு) பத்தி, உளவாளியோன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. ஆடிக் காத்துல மைக்ல பேசுனா உஸ்ஸுங்கற சத்தம்தான் போகும், அதான் பேச்சுக்குப் பதிலா கம்ப்யூட்டர் வழியாச் சின்னச் செய்தி அனுப்புற, 2017-ல வந்த எஃப்டி8 (FT8) டிஜிட்டல் மோடப் போடுதோம், 15 செகண்டு அனுப்பணும் அடுத்த 15 செகண்டு கேக்கணும், காதுக்கே எட்டாத சிக்னலயும் லேப்டாப் பிரிச்சு எழுத்தாக் காட்டிரும், 5 வாட்டும் ஏரியலா ரெண்டு பக்கம் இழுத்துக் கட்டுன ஒயரும் போதும். கடிகாரம் ரெண்டு செகண்டு பிசகுனா போச்சு, செல்போன் டவர் கிடைக்காத எடத்துல ஜிபிஎஸ்ல டைம் வச்சுக்கிடணும். பழைய அண்ணாச்சிமாரு "மிஷினும் மிஷினும் பேசுது, இதுல என்னடே இருக்கு"ம்பாங்க, சுகமா இருக்கியளான்னு அதுல நிதானமாப் பேசிக்கிட முடியாதுங்கறது வாஸ்தவம்தான். லைசென்ஸ் மத்திய அரசு குடுக்கு, அதனால கீழ நிக்கவங்க போலீஸுக்குப் போன் போடாம மேல வந்து பாருங்க.

- ஒரு ஹாம், வள்ளியூர்