கர்ட் வார்னரை ஒரே வரியில் விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்தின் குவாட்டர்பேக்குகள் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்கள்) பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். டாம் பிரேடிக்கு 7 சூப்பர் பவுல் (சீசனின் இறுதிப் போட்டி) வெற்றி, சரி. ஆனால் அந்த அரைப் பக்கக் கட்டுரையில் கர்ட் வார்னருக்கு ஒரே வரியா? 1994-இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல், கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சி முகாமிலிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டு, அயோவாவில் ஒரு மளிகைக் கடையில் மணிக்கு 5.50 டாலர் கூலிக்கு ராத்திரி முழுக்கச் சாமான் அடுக்கியவர் அவர். அப்புறம் உள்ளரங்க ஆட்டம், ஆம்ஸ்டர்டாம் அணி என்று சுற்றி, 1999-இல் ராம்ஸ் அணியின் முதல்நிலை குவாட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்காலில் அடிபட்டதால்தான் 28 வயதில் வார்னர் அந்த இடத்துக்கு வந்தார். அந்த சீசனில் 41 டச்டவுன் பாஸ் (எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி தரும் எறிதல்)! இறுதிப் போட்டியில் 414 கெஜம் எறிந்தும், கடைசி நொடியில் டென்னசி வீரரை எல்லைக்கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் ராம்ஸ் வீரர் மைக் ஜோன்ஸ் மடக்கிப் பிடித்ததால்தான் கோப்பை ராம்ஸ் கைக்கு வந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்