பனியில் புதைந்த கார்

மேலூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள சேதுவுக்கு,

நலம், நீயும் வீட்டில் அனைவரும் நலந்தானே? பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்றுதான் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்பதால், நீ தொடங்கப்போகும் வசவு முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டதாக வைத்துக்கொள். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பத்துப் பைசா அண்ணாச்சி கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். கல்லாவை இன்னும் ஒப்படைக்கவில்லை. இப்போது நான் எழுதுவது என் தங்கை மகளைப் பற்றி.

நீ கடைசியாக அவளைப் பார்த்தபோது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அரசு கொடுத்த மடிக்கணினியை அவள் பழைய பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்து, பரிசம் போடவா வைத்திருக்கிறாய் என்று நீ கேலி செய்தது அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கணிதத்தில் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் வீட்டில்தான் இருந்தாள். மதுரையில் கிடைத்த ஒரு வேலையும், ‘இருட்டிய பிறகு பஸ்ஸை விட்டு இறங்கித் தனியாக வருவாளா?’ என்று அவள் அப்பா, நம் மாப்பிள்ளை, கேட்ட ஒரே கேள்வியில் முடிந்துபோயிற்று. சென்ற ஆண்டு கல்லூரித் தோழி ஒருத்தி சொல்லி, வீட்டிலிருந்தபடியே படங்களுக்கு லேபிள் போடும் வேலையில் சேர்ந்தாள்.

அது என்ன வேலை என்று எனக்கும் விளங்கவில்லை. ஆகவே ஒரு மாலை அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். திரையில் ஏதோ ஒரு குளிர்நாட்டுத் தெரு. ஒவ்வொரு காரையும், லாரியையும், நடந்துபோகும் ஆளையும் சுற்றி அவள் மவுஸால் கட்டம் இழுத்து, இது இன்னது என்று குறிக்கிறாள். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டிகளுக்குத் தெருவைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு இப்படி லட்சக்கணக்கான படங்கள் வேண்டுமாம். லாரிக்குப் பின்னால் பாதி மறைந்த கார் என்றால், மறைந்த பாதியையும் ஊகித்துக் கட்டத்தை நீட்ட வேண்டும். கோடு கொஞ்சம் விலகினாலும் தரச் சோதனையில் படம் திரும்பி வந்துவிடும், திரும்பி வந்த படத்துக்குக் கூலி கிடையாது. ஓரிடத்தில் வெறும் வெள்ளை மேடுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. ‘அது மேடு இல்லை மாமா, கார். வைப்பர் குச்சி ரெண்டும் வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க’ என்றாள். ஆலங்கட்டி மழையைத் தவிர வேறு பனியைக் காணாத பெண் சேது, பனிக்குள் புதைந்த காரை வைப்பரைக் கொண்டு கண்டுபிடிக்கிறாள்.

நாம் 2001இல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் திறந்த நாட்களை அப்போது நினைத்துக்கொண்டேன். பிளஸ் டூ முடிவு வந்த அன்று தெருமுனை வரை வரிசை நின்றதும், அடுத்த நாள் முதல் ஈ ஓட்டியதும், இடி விழுந்து மோடம் கருகியதும் நீ மறந்திருக்க மாட்டாய். அதே ஆண்டுகளில்தான் நம் மேலூர் வட்டத்துக் கிராமங்களில் சென்னை ஐ.ஐ.டி.யார் தங்களுடைய கோர்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு இணைய மையங்களைத் திறந்தார்கள். கிராமத்திலேயே கேமராவால் கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்டார்கள். நல்ல எண்ணந்தான், ஆனால் அன்றைக்கு அதன் வேகம் வினாடிக்கு 70 கிலோபிட்; ஒரு படம் போய்ச் சேர்வதற்குள் காப்பி ஆறிவிடும். பெரும்பாலான மையங்கள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான், அன்று அவர்கள் கண்ட கனவு நம் வீட்டு மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்தது. மொட்டை மாடி என்று சும்மா சொல்லவில்லை; கீழே டவர் கிடைப்பதில்லை என்பதால், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஸ்டூல் போட்டுத்தான் அவள் வேலை பார்க்கிறாள்.

முதல் மாதம் 9,400 ரூபாய் அவள் கணக்கில் ஏறியபோது மாப்பிள்ளை பாஸ்புக்கை இரண்டு முறை பார்த்தார். அதற்குப் பிறகு இருட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. உலகத்தின் மறுகோடியில் இருப்பவன் கொடுக்கும் வேலை, அவன் நினைத்தால் நாளைக்கே நின்றுவிடும். அவள் கட்டம் போட்டுப் பழக்கும் அந்த இயந்திரமே கட்டம் போடக் கற்றுக்கொண்ட பிறகு இவளை யார் தேடப்போகிறார்கள்? கென்யாவின் நைரோபியில் இதற்கு நெருங்கிய வேலையைச் செய்த இளைஞர்கள், அருவருப்பான எழுத்துகளை நாள் முழுவதும் படித்து வகைபிரித்ததற்கு, மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவாகவே பெற்றார்கள் என்று 2023இல் டைம் இதழ் எழுதியது. வீட்டு வாசலுக்கே வந்தாலும் கூலி வேலை கூலி வேலைதான்.

கூலியாவது கிடைக்கிறதே என்று சொல்ல வைத்தது எதிர்வீட்டுப் பையனின் கதை. காணொளிக்கு லைக் போட்டால் பணம் என்று அவனுக்கு ஒரு செய்தி வந்தது. முதலில் 150 ரூபாய் கொடுத்தார்கள், பிறகு முன்பணம் கட்டினால் இரட்டிப்பு என்றார்கள், அவன் அம்மாவின் சீட்டுப் பணம் 22,000 போய்விட்டது. இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லவே அவன் மூன்று நாள் வெட்கப்பட்டான். அந்த மூன்று நாளில் பணம் எத்தனை கணக்கு மாறியதோ!

ஆனால் உனக்கு எழுதத் தூண்டியது இது எதுவும் இல்லை. பகலில் கட்டம் போடுகிற பெண், இரவில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து வகுப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தில், சென்னைக் கணிதவியல் கழகத்துப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும், பைத்தான் என்ற கணினி நிரல் மொழி வகுப்பு. பாடம் கேட்கக் காசு இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய், அதையும் கட்டம் போட்ட பணத்திலிருந்தே கட்டினாள். ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்பாளாம். நம் கணக்கு வாத்தியாரிடம் ‘சார், மறுபடி’ என்று சொல்லும் துணிவு நம்மில் எவனுக்காவது இருந்ததா? இங்கே ஆசிரியர் சலிக்காமல் நூறு முறை சொல்கிறார், பிரம்பும் இல்லை. மதுரைத் தேர்வு மையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன்; தேறிவிட்டாள். அவளுக்குக் கிடைத்த உண்மையான வாய்ப்பு இதுதான் என்று நினைக்கிறேன்; கட்டம் போடும் வேலை நின்றாலும் இது அவளிடம் இருக்கும். 2023 நிலவரப்படி உலகில் 260 கோடிப் பேருக்கு இணையமே இல்லை என்கிறது ஐ.நா.வின் தொலைத்தொடர்பு ஒன்றியம். அவர்களிலும் இப்படி எத்தனை பெண்கள் இருப்பார்கள் என்று அன்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வியாழக்கிழமை கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று அவளை வீடியோவில் நேர்காணல் செய்தது. கொடுத்த நிரலை எழுதி முடித்துவிட்டாள். ஏன் அப்படி எழுதினாய் என்று ஆங்கிலத்தில் கேட்டதும் வாய் அடைத்துக்கொண்டது. விடை தெரியும், ஆனால் அதைப் பேசிப் பழகியதில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்து யாரோடும் பேசாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர்கள் நல்லவர்கள் போலும், மூன்று வாரம் கழித்து மறுபடி பேசலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

முப்பது வருடம் ஆங்கிலம் நடத்திவிட்டு இப்போது பால்கனிச் செடிகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டிருக்கிறாய் அல்லவா? தினமும் இருபது நிமிடம் அவளோடு பேசு. பாடம் நடத்தாதே, திருத்தாதே. தான் எழுதிய நிரலை அவள் உனக்கு விளக்கட்டும், உனக்கு ஒன்றும் புரியாது என்பதே பெரிய உதவி. எண்ணைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடு, அப்போதுதான் மாடியில் இருப்பாள். பரிசம் பற்றி மறுபடி கேலி செய்தால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

கருகிய மோடத்துக்காக நீ எனக்குத் தர வேண்டிய பாதிப் பணத்தை இதில் கழித்துக்கொள்கிறேன். வட்டி தனி.

உன்,
மேலூரான்